பேச்சு வராத பிள்ளையும் இரண்டு மொழிகளும்



இரண்டரை வயதாகியும் பிள்ளைக்குப் பேச்சு வரவில்லை என்றால் நம் வீடுகளில் முதலில் வருவது வசம்பு. சுட்டு உரைத்து நாக்கில் தடவுவார்கள். அடுத்து வருவது பாட்டியின் சமாதானம்: "அவங்கப்பனும் நாலு வயசுலதாண்டி வாயத் தொறந்தான்." அதற்கும் பிறகுதான் மருத்துவர். அங்கே இன்றைக்கும் பல இடங்களில் கிடைக்கும் ஆலோசனை ஒன்று உண்டு. "வீட்டுல ரெண்டு மொழி பேசுறீங்களா? அதான் குழந்தை குழம்பிப் போயிருக்கு. ஒண்ண விட்டுடுங்க." எதை விடுவது என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. பள்ளிக்கூடம் ஆங்கிலத்தில் நடக்கிறது, ஆகவே தமிழ் போகும். மதுரையில் சௌராஷ்டிரம் பேசும் வீடானால் சௌராஷ்டிரம் போகும். ஓசூர்ப் பக்கம் தெலுங்கோ கன்னடமோ பேசும் வீடானால் அது போகும். அம்மா அன்று மாலையிலிருந்தே தனக்குச் சரளமாக வராத ஆங்கிலத்தில் பிள்ளைக்குச் சோறூட்டத் தொடங்குகிறாள்.

அந்த ஆலோசனைக்கு என்ன ஆதாரம் என்பதுதான் இன்றைய பேச்சு. மும்மொழியா இருமொழியா என்ற சண்டைக்குள் நான் இறங்கப் போவதில்லை. அதற்கு வேறு மேடைகள் இருக்கின்றன. அங்கே கூட்டமும் அதிகம்.

இந்தப் பயத்துக்கு நூறு வயது ஆகிறது. 1923இல் டி. ஜே. சேயர் என்பவர் வேல்ஸில் சுமார் 1,400 பள்ளிப் பிள்ளைகளுக்கு அறிவுத்திறன் சோதனை வைத்தார். வெல்ஷும் ஆங்கிலமும் பேசும் கிராமத்துப் பிள்ளைகள், ஒரே மொழி பேசும் பிள்ளைகளைவிடக் குறைந்த மதிப்பெண் வாங்கினார்கள். இரண்டு மொழி மூளையைக் குழப்புகிறது என்று முடிவு கட்டினார்கள். நகரத்துப் பிள்ளைகளிடம் அந்த வேறுபாடு தென்படவில்லை என்பதும் அதே ஆய்வில்தான் இருக்கிறது. நகரத்தில் குழப்பாத இருமொழி கிராமத்தில் மட்டும் எப்படிக் குழப்பும்? வசதியும் பள்ளிக்கூடத்தின் தரமும் ஆங்கிலப் பழக்கமும் அந்த மதிப்பெண்ணுக்குள் புகுந்திருக்கலாமே என்று அப்போது போதுமான பேர் கேட்கவில்லை. மூன்றே ஆண்டுகளில் அமெரிக்காவில் புளோரன்ஸ் குட்இனஃப் இன்னும் ஒரு படி மேலே போனார். வீட்டில் அயல்மொழி பேசுவது மனவளர்ச்சிக் குறைவை உண்டாக்கும் முக்கியக் காரணங்களில் ஒன்று என்றே எழுதினார். குடியேறியவர்கள் மீது அமெரிக்காவில் வெறுப்பு பொங்கிக்கொண்டிருந்த காலம் அது என்பதை நாம் மறந்துவிடக் கூடாது.

காற்று திரும்பியது 1962இல், கனடாவின் மாண்ட்ரியல் நகரத்தில். மெக்கில் பல்கலைக்கழகத்தின் எலிசபெத் பீலும் வாலஸ் லாம்பர்ட்டும் பத்து வயதுப் பிள்ளைகளைப் பிரெஞ்சுப் பள்ளிகளிலிருந்து எடுத்துக்கொண்டார்கள். குடும்ப வசதி ஒத்திருக்கும்படி பார்த்துக்கொண்டு, இரு மொழியும் நன்றாகத் தெரிந்தவர்களையும் பிரெஞ்சு மட்டும் தெரிந்தவர்களையும் ஒப்பிட்டார்கள். இருமொழிப் பிள்ளைகளே முந்தினார்கள், அதுவும் சொல் தேவைப்படாத புதிர்களில்கூட. ஆனால் இதிலும் ஓர் ஓட்டை உண்டு. இரண்டு மொழியும் சம அளவில் கைவந்தவர்களை மட்டும் பொறுக்கினால், இயல்பிலேயே கெட்டிக்காரப் பிள்ளைகள் அந்தக் கூடையில் கூடுதலாக விழுந்துவிட மாட்டார்களா? நம் நாட்டில் ஒடிசாவின் கோண்ட் பழங்குடியினரிடையே அஜித் மொஹந்தி செய்த ஒப்பீடு இந்தக் கேள்விக்கு ஓரளவு பதில் சொல்கிறது. ஒரே இனம், ஏறக்குறைய ஒரே ஏழ்மை. சில ஊர்களில் குயி மொழியும் ஒடியாவும் புழங்கின. சில ஊர்களில் குயி மறைந்து ஒடியா மட்டுமே எஞ்சியிருந்தது. குயியையும் வைத்திருந்த பிள்ளைகள் அறிவுத்திறன் சோதனைகளில் பின்தங்கவில்லை, மேலாகவே செய்தார்கள்.

அடுத்து டொரோண்டோவின் எலன் பியாலிஸ்டாக். அவர் 1980களில் செய்த ஒரு சோதனையை விரிவாகச் சொல்ல ஆசை, ஏனென்றால் இதை நீங்கள் வீட்டிலேயே செய்து பார்க்கலாம். ஐந்தாறு வயதுப் பிள்ளையிடம் ஒரு வாக்கியத்தைச் சொல்லி, அது சரியாகச் சொல்லப்பட்டிருக்கிறதா என்று கேட்கவேண்டும். சிரிப்பான வாக்கியமாக இருந்தாலும் பரவாயில்லை, சொன்ன விதம் சரியா என்பதை மட்டும் பார் என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம். 'ஆப்பிள் மூக்கில் காய்க்கிறது.' இலக்கணம் சரி, விஷயம் அபத்தம். பிள்ளைக்குச் சிரிப்பு வரும். "மூக்குல எப்படி ஆப்பிள் காய்க்கும்?" என்று கத்திவிட்டு, தப்பு என்று சொல்லத் துடிக்கும். பொருளை ஒதுக்கிவிட்டு வடிவத்தை மட்டும் பார்க்க ஒரு கட்டுப்பாடு வேண்டும். இருமொழிப் பிள்ளைகளுக்கு அந்தக் கட்டுப்பாடு கூடுதலாக இருந்தது என்று பியாலிஸ்டாக் கண்டார். பிறகு, சீட்டுகளை முதலில் நிறப்படியும் அடுத்து வடிவப்படியும் பிரிக்கச் சொல்லும் விளையாட்டிலும் அதையே கண்டார். ஒரு மொழியில் பேசும்போது மறுமொழி வாய்க்குள் நுழையாதபடி தடுத்துக்கொண்டே இருப்பதால், கவனத்தைக் கட்டுப்படுத்தும் திறன் வலுப்படுகிறது என்பது அவருடைய விளக்கம்.

பத்திரிகைகளுக்குக் கொண்டாட்டம். 'இரண்டு மொழி பேசினால் பிள்ளை புத்திசாலி' என்று தலைப்புகள் வந்தன. அதை நம்பித்தான் நம்மில் பாதிப் பேர் பிள்ளையை இந்தி வகுப்புக்கும் பிரெஞ்சு வகுப்புக்கும் ஒரே மாதத்தில் சேர்த்துவிட்டோம்.

ஆனால் 2015இல் ஏஞ்சலா டி புருயினும் கூட்டாளிகளும் கருத்தரங்குகளில் வாசிக்கப்பட்ட ஆய்வுகள் பின்னால் என்ன ஆயின என்று தேடிப் பார்த்தார்கள். இருமொழிக்கு ஆதாயம் உண்டு என்று சொன்னவற்றில் 63 விழுக்காடு அச்சேறியிருந்தன. இல்லை என்று சொன்னவற்றில் 36 விழுக்காடுதான் அச்சேறியிருந்தன. நல்ல செய்திக்குத்தான் கதவு திறந்தது என்று அர்த்தம். 2019இல் அமெரிக்காவில் 9, 10 வயதுப் பிள்ளைகள் 4,524 பேரின் தரவை அலசிய பெரிய ஆய்வு, கவனக் கட்டுப்பாட்டில் இருமொழிக்காரர்களுக்கு எந்த ஆதாயமும் தெரியவில்லை என்றது. விவாதம் இன்னும் முடியவில்லை. என் கருத்தைக் கேட்டால், இரண்டாம் மொழியை விஷம் என்று சொன்ன காலமும் லேகியம் என்று சொன்ன காலமும் ஒரே தவற்றைத்தான் செய்தன. பாட்டியோடு பேசுவதற்கு மதிப்பெண் ஆதாயம் எதற்கு?

சரி, மொழிக் குறைபாட்டுக்கு வருகிறேன். காது நன்றாகக் கேட்கிறது, ஆட்டிசம் இல்லை, அறிவுசார் குறைபாடும் இல்லை. ஆனாலும் மொழி மட்டும் பிடிபடவில்லை. சொற்கள் மெதுவாகச் சேர்கின்றன, வாக்கியம் கோணுகிறது, இரண்டு கட்டளையைச் சேர்த்துச் சொன்னால் ஒன்று தொலைந்துவிடுகிறது, நடந்ததைக் கோவையாகச் சொல்ல வரவில்லை. இதை வளர்ச்சிசார் மொழிக் குறைபாடு என்கிறோம். 2016, 2017ஆம் ஆண்டுகளில் டொரதி பிஷப் தலைமையில் ஐம்பதுக்கும் மேற்பட்ட வல்லுநர்கள் கலந்தாலோசித்துத்தான் இந்தப் பெயருக்கே பெரும்பாலும் உடன்பட்டார்கள். அதுவரை ஆளுக்கொரு பெயர். அமெரிக்காவின் அயோவாவிலும் இங்கிலாந்தின் சர்ரேயிலும் எடுத்த கணக்குகள் இரண்டும் நூற்றுக்கு ஏழு பிள்ளைகள் என்கின்றன. முப்பது பேர் கொண்ட வகுப்பில் இரண்டு பேர். ஆசிரியர்களே, அந்த இரண்டு பேரை உங்களுக்குத் தெரியும். 'கவனமே இல்லை', 'சோம்பேறி', 'வாயத் தொறக்கவே மாட்டான்' என்று நாம் முன்னேற்ற அறிக்கையில் எழுதிவிட்ட பிள்ளைகளில் அவர்கள் இருக்கக்கூடும்.

இந்தப் பிள்ளைக்கு இரண்டு மொழி கூடுதல் பாரமா? மறுபடியும் மாண்ட்ரியலுக்கே போகவேண்டும். 2003இல் ஜோஹான் பராடிஸ், மார்த்தா கிராகோ, ஃப்ரெட் ஜெனசீ, மேபெல் ரைஸ் நால்வரும் இந்தக் குறைபாடு உள்ள ஏழு வயதுப் பிள்ளைகளை மூன்று குழுவாகப் பார்த்தார்கள். பிறந்ததிலிருந்து பிரெஞ்சும் ஆங்கிலமும் கேட்டு வளர்ந்தவர்கள் 8 பேர். ஆங்கிலம் மட்டும் அறிந்தவர்கள் 21 பேர். பிரெஞ்சு மட்டும் அறிந்தவர்கள் 10 பேர். ஆங்கிலத்தில் இந்தக் குறைபாட்டால் பெரும்பாலும் அடிபடுவது வினைச்சொல்லின் கால விகுதி. 'வாக்ட்' என்று சொல்லவேண்டிய இடத்தில் 'வாக்' என்று நிறுத்திவிடுவார்கள். இருமொழிப் பிள்ளைகள் ஆங்கிலத்தில் எவ்வளவு தடுமாறினார்களோ, ஆங்கிலம் மட்டும் தெரிந்த பிள்ளைகளும் அவ்வளவே தடுமாறினார்கள். பிரெஞ்சிலும் அதே கதை. இரண்டாவது மொழி குறைபாட்டை ஆழமாக்கவில்லை. ஒரே மொழியில் வளர்ந்ததால் யாரும் தப்பிக்கவும் இல்லை.

எட்டுப் பேர்தானே என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. அந்த எட்டுப் பேருக்கும் இரு மொழியுமே வீட்டில் தாராளமாகக் கிடைத்தன என்பதையும், மாண்ட்ரியலில் இரண்டுக்கும் மரியாதை உண்டு என்பதையும் சேர்த்தே நினைக்கவேண்டும். வீட்டு மொழி ஒதுக்கப்பட்ட இடங்களில் படம் இவ்வளவு தெளிவாக இராது. ஆனாலும் அதற்குப் பிறகு வந்த சான்றுகளும் பெரும்பாலும் அதே திசையில்தான் போகின்றன. டவுன் நோய்க்குறி உள்ள பிள்ளைகளைக் கனடாவில் எலிசபெத் கே-ரெய்னிங் பேர்டு 2005இலும், ஆட்டிசம் உள்ள பிள்ளைகளை ஹாம்ப்லியும் ஃபோம்போனும் 2012இலும் பார்த்தார்கள். இரண்டு மொழி கேட்டதால் மட்டும் அவர்கள் கூடுதலாகப் பின்தங்கவில்லை. பயிற்சியிலும் அப்படியே. அமெரிக்காவில் ஸ்பானியம் பேசும் வீடுகளிலிருந்து வந்த, மொழிக் குறைபாடுள்ள பாலர் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஸ்பானியத்தையும் சேர்த்துப் பயிற்சி தந்தபோது ஆங்கிலம் கெட்டுப்போகவில்லை.

கடினமான பகுதி இனிமேல்தான் வருகிறது: எந்தப் பிள்ளைக்குக் குறைபாடு, எந்தப் பிள்ளை புது மொழியின் வாசலில் நிற்கிறது என்று பிரித்தறிவது. அதே பராடிஸ், எட்மன்டன் நகரத்தில் குடியேறிய குடும்பத்துப் பிள்ளைகளைப் பார்த்தார். ஆங்கிலம் பழகி ஓராண்டுகூட ஆகாதவர்கள், எந்தக் குறையும் இல்லாதவர்கள். 'ஹீ வாக்ஸ்' என்பதற்கு அவர்களும் 'ஹீ வாக்' என்றார்கள். குறைபாடுள்ள ஆங்கிலப் பிள்ளை செய்யும் அதே பிழை, அதே இடத்தில். ஆங்கிலத்தில் மட்டும் சோதித்தால் நல்ல பிள்ளைக்கு நோய்ப் பெயர் சூட்டுவோம். அல்லது, 'புது மொழிதானே, போகப் போகச் சரியாகும்' என்று உண்மையிலேயே குறைபாடுள்ள பிள்ளையைக் கைவிடுவோம். இரண்டும் நடக்கின்றன.

பிரித்துக் காட்டும் முதல் விதி இதுதான். குறைபாடு இருந்தால் அது வீட்டு மொழியிலும் இருக்கும். ஆகவே வீட்டு மொழியைப் பற்றி வீட்டாரிடம் கேட்கவேண்டும். பராடிஸின் குழு 2010இல் இதற்கென்றே ஒரு கேள்வித்தாளை வெளியிட்டது. முதல் சொல் எப்போது வந்தது? இரண்டு சொல்லைச் சேர்த்தது எப்போது? அதே வயதுச் சித்தி மகனோடு ஒப்பிட்டால் எப்படி? உறவினர் வந்தால் இவன் பேசுவது அவர்களுக்குப் புரிகிறதா? குடும்பத்தில் வேறு யாருக்காவது தாமதமாகப் பேச்சு வந்ததா? அங்கே நம் பாட்டி சொன்ன 'அவங்கப்பனும் அப்படித்தான்' என்பது சமாதானமாக இல்லாமல் சான்றாக மாறிவிடுகிறது. இந்தக் குறைபாடு குடும்பங்களில் தொடர்ந்து வருவது பலமுறை உறுதியான செய்தி.

சொல் எண்ணிக்கையிலும் ஏமாறக் கூடாது. சென்னையில் வளரும் நாலு வயதுப் பிள்ளைக்குத் தோசைக்கல், கரண்டி, முறம், திருஷ்டி எல்லாம் தமிழில் தெரியும். கிரேயான், ஷார்ப்னர், அசெம்ப்ளி எல்லாம் ஆங்கிலத்தில் தெரியும். ஒரு மொழியில் மட்டும் எண்ணினால் பாதிப் பிள்ளையைத்தான் எண்ணுகிறோம். மயாமியில் பார்பரா பியர்சனின் குழு 1993லேயே இரண்டையும் சேர்த்து எண்ணிக் காட்டியது. சேர்த்தால் கணக்கு சரியாகிவிடுகிறது. 'ஷூ மாட்டிவிடு, வேன் கம்மிங்' என்று பிள்ளை கலந்து பேசுவதைப் பார்த்துக் கவலைப்படுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. பிள்ளை நம்மிடம் கேட்டதைத்தான் பேசுகிறது. கலக்காமல் பேசும் பெரியவர் இந்த அரங்கில் எத்தனை பேர் என்று கை தூக்கச் சொல்ல எனக்குத் தைரியமில்லை.

இன்னொரு வழி, எந்த மொழியிலும் இல்லாத சொற்களைத் திருப்பிச் சொல்லச் சொல்வது. 'நகுதே', 'மிபலோனு', 'கதுமேபிலோ' என்று அசையைக் கூட்டிக்கொண்டே போகவேண்டும். யாருமே கேட்டிராத சொற்கள் என்பதால், பிள்ளை முன்பு எவ்வளவு கேட்டது என்பதன் பாதிப்பு குறைகிறது. குறைபாடுள்ள பிள்ளைகள் பலர் சிறியதைச் சொல்லிவிடுவார்கள். நாலசையில் ஒலிகள் இடம் மாறும் அல்லது காணாமல் போகும். ஒலியைச் சற்று நேரம் நினைவில் பிடித்துவைப்பதில் அவர்களுக்குச் சிக்கல். நினைவாற்றலும் மொழியும் கைகோக்கும் இடத்தை இங்கே நேரில் பார்க்கலாம். ஆனால் ஆங்கிலத்துக்காகச் செய்த பட்டியலை அப்படியே எடுத்துவந்து வைக்கக் கூடாது. சொல் தொடக்கத்திலேயே மூன்று மெய்யெழுத்து முட்டி நின்றால் தமிழ் வாய் இயல்பாகவே ஓர் உயிரைச் செருகும், அது நோயாகாது. இதற்காகவே ஐரோப்பாவில் 2009 முதல் 2013 வரை நடந்த கூட்டு முயற்சியில், பெரும்பாலான மொழிகளுக்குப் பொதுவான ஒலிகளால் சொற்பட்டியல்கள் தயாரித்தார்கள்.

சோதனையை மொழிபெயர்த்துவிட்டால் போதுமே என்று நினைப்பவர்கள் உண்டு. அமெரிக்கப் பிள்ளைகளுக்காக அளவிட்ட தாளை மேசையில் விரித்து, வாய்க்கு வந்தபடி தமிழாக்கிக் கேட்கும் வழக்கம் நம்மிடையே இருக்கிறது. 'ஹி', 'ஷி' வேறுபாடு அங்கே ஒரு கேள்வி. தமிழில் அந்த வேறுபாடு வினைமுற்றிலும் வரும். 'வந்தான்', 'வந்தாள்' என்பதைக் கேட்காமல் விட்டால் சோதனை பாதிதான். 'பந்து எடு', 'பந்தை எடு' இரண்டும் நம் பேச்சில் சரி. உருபை விட்டதற்காக மதிப்பெண்ணைக் குறைத்தால் பிழை நம்முடையது. எல்லாவற்றுக்கும் மேலாக நமக்கே உரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. நம் பிள்ளை வீட்டில் பேசும் தமிழும் பாடப்புத்தகத் தமிழும் ஒன்றல்ல. 'நாய் ஓடிருச்சு' என்று சொல்லத் தெரிந்த பிள்ளை பள்ளியில் 'நாய் ஓடிவிட்டது' என்று எழுதவேண்டும். மொழிக் குறைபாடுள்ள பிள்ளைக்கு இந்த ஏணி செங்குத்தாக இருக்கும். அந்தப் பிள்ளையைச் சோதிக்க வரும் பெரியவர் எழுத்துத் தமிழில் கேள்வி கேட்டால், பிள்ளை விழிப்பதை எப்படிப் புரிந்துகொள்வது? ஆகவே பேச்சுத் தமிழில், அந்தந்த வட்டார வழக்கில், நம் பிள்ளைகள் பலநூறு பேரை அளந்து செய்த சோதனைகள் வேண்டும். இது பணம் கேட்கும் வேலை. தமிழுக்கு விழா எடுக்கச் செலவிடும் தொகையில் ஒரு துளி போதும்.

வீட்டு மொழியை விட்டால் என்ன ஆகும் என்பதையும் பார்த்துவிடுவோம். 1991இல் அமெரிக்காவில் லில்லி வாங் ஃபில்மோர் வெளியிட்ட கட்டுரையில், பாலர் பள்ளியிலேயே ஆங்கிலத்துக்கு மாறிய பிள்ளைகளின் வீடுகள் வருகின்றன. பிள்ளைக்கு ஆங்கிலம் வந்தது. வீட்டு மொழி போனது. பெற்றோருக்கு ஆங்கிலம் அவ்வளவாக வரவில்லை. பதின்ம வயதில் ஒரே கூரைக்கடியில் இருந்தும் கண்டிக்கவோ அறிவுரை சொல்லவோ பொது மொழி இல்லாமல் போன குடும்பங்கள் அவை. டொரோண்டோவிலும் லண்டனிலும் தாத்தா பாட்டியோடு வாழும் ஈழத்தமிழ் வீடுகளுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. குறைபாடுள்ள பிள்ளைக்கு இந்த இழப்பு இரட்டிப்பு. அந்தப் பிள்ளைக்கு மற்றவர்களைவிட அதிகப் பேச்சு, அதிகக் கதை, அதிகத் திருப்பிச் சொல்லல் தேவை. சரளமாகப் பேசத் தெரிந்த ஐந்து பேர் வீட்டில் இருக்க, நால்வரின் வாயை அடைத்துவிட்டு, ஆங்கிலம் தடுமாறும் ஒருவரிடம் பிள்ளையை ஒப்படைப்பது எந்த ஊர் வைத்தியம்?

சட்டமும் இங்கே கொஞ்சம் தள்ளி நிற்கிறது. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைகளைப் பட்டியலிடுகிறது. அதில் பேச்சு, மொழிக் குறைபாடும் உண்டு. ஆனால் அதன் வரையறை, குரல்வளையை அகற்றியவர்கள், மூளை பாதித்துப் பேச்சிழந்தவர்கள் போன்றோரின் நிரந்தரக் குறைபாட்டைத்தான் மனத்தில் வைத்து எழுதப்பட்டிருக்கிறது. நான் இவ்வளவு நேரம் சொன்ன பிள்ளை அந்தச் சொற்களுக்குள் எளிதில் அடங்குவதில்லை. கற்றல் குறைபாடு என்ற தலைப்பின்கீழ் நுழைய முடிந்தால் உண்டு. இல்லையென்றால் தேர்வில் கூடுதல் நேரத்துக்குக்கூட அலையவேண்டும்.

கடைசியாக, பெற்றோர்கள் செய்யக்கூடிய இரண்டு வேலைகள். முதலில் காதைச் சோதியுங்கள். ஒலிக்குக் காது நரம்பும் மூளையும் தரும் பதிலை அளக்கும் பெரா சோதனை வரை போகவேண்டியிருந்தாலும் தயங்காதீர்கள். பிறகு ஸ்பீச் தெரபிஸ்டிடம் போவதற்கு முன், பிள்ளை தன் பாட்டியோடோ பக்கத்து வீட்டுப் பிள்ளையோடோ வீட்டு மொழியில் பேசுவதைக் கைப்பேசியில் இரண்டு நிமிடம் பதிவு செய்துகொள்ளுங்கள். பிள்ளைக்குத் தெரியாமல், சாப்பிடும்போதோ விளையாடும்போதோ. மருத்துவமனை நாற்காலியில் வாய் திறக்காத பிள்ளை அதில் பேசியிருக்கும். அந்தப் பதிவைக் கேட்காமலேயே ஒரு மொழியை விடச் சொன்னால், ஏன் என்று கேளுங்கள். பதில் திருப்தி இல்லையென்றால் இன்னொருவரைப் பாருங்கள். கேள்விகளுக்கு அரை மணி நேரம் ஒதுக்கியிருப்பதாகச் செயலாளர் சைகை காட்டுகிறார். ஒலிவாங்கியைப் பெற்றோர்கள் அமர்ந்திருக்கும் பின்வரிசைக்கு முதலில் அனுப்பும்படி கேட்டுக்கொள்கிறேன்.